நானூற்று நாற்பதாவது எபிசோடு

“அந்த முகப்புப் பாட்டைத் தள்ளி விடும்மா,” என்றார் அவர். “எனக்கு நேரமில்ல.”

இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று திண்டாடியதெல்லாம் முதல் வாரத்தோடு போயிற்று. இப்போது மனைவி சிரித்தே விட்டாள். ரிமோட்டை வைத்திருந்த மகள் பாட்டைத் தாண்டினாள். நானூற்று முப்பத்து மூன்றாவது எபிசோடு ஆரம்பித்தது. காலை மணி பத்தரை. ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டு, டி.வி.க்கு எதிரே ஏற்றி இறக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றைப் போட்டிருந்தார்கள். தலைமாட்டை எவ்வளவு உயர்த்தினால் திரையில் ஜன்னல் வெளிச்சம் அடிக்காது என்று அவரே கண்டுபிடித்து, கட்டில் கம்பியில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். எது எங்கே நிற்க வேண்டுமோ அது அங்கே நின்றாக வேண்டும் அவருக்கு.

தொடர் ஒன்றும் புதிதல்ல. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓடி முடிந்தது. அப்போது அவர் ஏதாவதொரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருந்தார். அவள் கோர்ட்டில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஊரே பார்த்து முடித்த கதையை இவர்கள் இரண்டு பேர்தான் பார்க்கவில்லை. ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த காலத்தில் கேபிளில் மறுபடியும் போட்டார்கள். சாயங்காலம் ஏழரைக்கு, சனி ஞாயிறு கிடையாது. ஒரு அம்மா, மூன்று பெண்கள். மூவரில் ஒருத்தி அந்த அம்மா பெற்றவள் இல்லை. எவள் என்பது ஒரு கடிதத்தில் இருக்கிறது, கடிதம் பூட்டிய டிராயரில் இருக்கிறது. அந்த டிராயரை வருஷக்கணக்கில் முறைத்துப் பார்ப்பார்களே தவிர ஒரு ஜீவனும் திறக்காது.

“ஒரு ஸ்க்ரூ டிரைவர் குடு, ரெண்டு நிமிஷத்துல திறந்து காட்டறேன்,” என்பார் அவர்.

ஆரம்பத்தில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தனக்கும் அந்தக் கதைக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லாத மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரமாகியும் பக்கம் புரளவில்லை என்பதை அவள் கவனித்துவிட்டாள். “என்ன, பேப்பர் பூரா ஒரே நியூஸா?” என்றாள். அவர் பேப்பரை மடித்துப் போட்டார். அன்றைக்கே பந்தயம் கட்டினார்கள். பெரியவள்தான் என்றாள் அவள். நடுவுள்ளவள் என்றார் அவர். தோற்றவர் விடிகாலையில் எழுந்து டீ போட வேண்டும், ஆயுசுக்கும். முப்பத்தெட்டு வருஷமாக இரண்டு பேருக்குள் தீர்ப்பாகாத வழக்கு அது. முழிப்பு வந்த பிறகும் இரண்டு பேரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மற்றவர் எழுந்திருக்கட்டும் என்று கிடப்பார்கள். பத்துக்கு எட்டு நாள் அவள்தான் பொறுக்காமல் எழுந்திருப்பாள்.

முந்நூற்று நாலாவது எபிசோடு ஓடிய வாரத்தில்தான் டாக்டர் சொன்னார். மாசக்கணக்கெல்லாம் போட வேண்டாம், வாரக்கணக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்று. வழியெல்லாம் அவர் விரலில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். தட்டின் முன்னால் உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார்: “இன்னும் நூத்தி முப்பத்தாறு இருக்கு. வாரத்துக்கு அஞ்சு. ஆறு மாசத்துக்கு மேல ஆகும். அந்தப் பொண்ணு யாருன்னு தெரியாமலே போயிடுவேன் போலிருக்கே.”

டாக்டரின் அறையில் கல்லாக உட்கார்ந்திருந்தவள் இதைக் கேட்டு உடைந்து போனாள்.

மறுநாளே மகள் லீவு போட்டுவிட்டு வந்து போனில் தேட ஆரம்பித்தாள். அவர் பழைய லிஃப்ட் சோதனைத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டார். அந்தத் தொடர் மூன்று ஓ.டி.டி.யில் இருந்தது. முதலாவதில் நூறு எபிசோடு வரைக்கும்தான். “பாதி மாடியில நிக்குது,” என்று எழுதினார். இரண்டாவதில் முழுக்க இருந்தது, ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம். “எல்லா மாடியிலயும் நிக்குது.” மூன்றாவதில் முழுக்க இருந்தது, விளம்பரம் கிடையாது, பாட்டைத் தாண்டலாம், முன்கதையைத் தாண்டலாம். “நேரா மேல போகுது,” என்று எழுதிவிட்டு, எழுதியதைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்து, கட்டில் குலுங்கச் சிரித்தார்.

“அப்போ கேபிளை நிறுத்திடலாம்,” என்றார்.

“எனக்குக் காலையில பாட்டு வேணுமே,” என்றாள் மனைவி.

“பாட்டு இதுலயும் இருக்கும்மா. தேடி எடுத்துக்கலாம்,” என்றாள் மகள்.

“தேடி எடுத்துக் கேக்கறதெல்லாம் ஒரு பாட்டா? அதுவா வந்து காதுல விழணும்.”

“ஒரு வீட்டுக்கு ரெண்டு லிஃப்ட் எதுக்கு?” என்றார் அவர். “ஏழரை ஆச்சுன்னா நீ பழக்கதோஷத்துல அதைப் போட்டுட்டு உட்காருவ. அது பழசைக் காட்டும். நாம முன்னாடி போயாச்சு, அது பின்னாடி வந்துக்கிட்டிருக்கும்.”

சரி, போகிறது என்று விட்டுக்கொடுத்தாள். கேபிள்காரருக்கு அவரே போன் செய்தார். இருபது வருஷப் பழக்கம். மழையில் ஒயர் அறுந்தால் சொல்லாமலே வந்து நிற்கிறவர்.

“என்ன சார், நான் என்ன குறை வெச்சேன்?”

“உன்மேல ஒரு குறையும் இல்லப்பா. உன் வண்டி மெதுவா போகுது. எனக்கு அவசரம்.”

பெட்டியை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்ன கேபிள்காரர் ஆறு வாரமாக எட்டிப் பார்க்கவில்லை. கோபமாம். பெட்டி டி.வி.க்குக் கீழே உயிரில்லாமல் கிடந்தது.

அந்த ஆறு வாரமும் நன்றாகத்தான் போயிற்று என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று, தெம்பிருந்தால் நான்கு. வலிக்கு மாத்திரை, கதைக்கு இடையில் கஞ்சி, கஞ்சிக்கு இடையில் சண்டை. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவும் செய்தாள். “அப்போ லிஃப்ட் நிறைய ரிப்பேர் ஆச்சு,” என்றார்.

நடுவில் ஒரு நாள் மட்டும் அவருக்குக் கிறுக்குப் பிடித்தது. நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போன மத்தியானம் அது. அவள் அசந்து தூங்கி எழுந்து வந்தபோது டி.வி. ஓடாமல் வெறுமனே எரிந்துகொண்டிருந்தது. மகள் ரிமோட்டோடு சுவரைப் பார்த்து நின்றாள். கண் சிவந்திருந்தது. அப்பாவைப் பார்த்து அழுதிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் சொன்னார்:

“பந்தயத்தை மாத்திக்கலாமா? நீ நடுவுள்ளவளை எடுத்துக்கோ. பெரியவளை எனக்குக் குடு.”

“இது என்ன கூத்து? முந்நூறு எபிசோடா நடுவுள்ளவ நடுவுள்ளவன்னு என் உயிரை வாங்கினீங்க.”

“இப்போ எனக்குப் பெரியவ மேலதான் சந்தேகம். அவ நடக்கறதே சரியில்ல.”

சீக்காளியோடு என்ன வழக்கு என்று மாற்றிக்கொண்டாள். அதிலிருந்து பிடித்தார் பாருங்கள், பெரியவள் தும்மினாலும் “பாத்தியா?”, தண்ணீர் குடித்தாலும் “பாத்தியா?” அவளுக்கோ விருப்பமில்லாமல் வந்து சேர்ந்த நடுவுள்ளவள் மேல் நாளாக நாளாக ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. தன் கட்சி ஆயிற்றே.

இன்றைக்கும் அதே கதைதான். திரையில் பெரியவள் அந்த டிராயர்முன் வந்து நின்றாள். அவர் விரலை லேசாக உயர்த்தினார்.

“பெரியவதான். பாத்துக்கிட்டே இரு.”

“பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்,” என்றாள் அவள். பதில் வரவில்லை. ஒரு வசனம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அவரிடமிருந்து சத்தமில்லை என்பது உறைத்ததும் திரும்பினாள். கண் பாதி திறந்தபடி இருந்தார், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. “டி.வி.யை நிறுத்து,” என்றாள் மகளிடம். “அணைக்காதே. நிறுத்து.”

பிறகு வர வேண்டியவர்கள் வந்தார்கள். அவள் அழுதாள், குரல் கட்டும்வரை அழுதாள். மூன்று மணிக்கு வேன் வந்தபோது புதிதாக ஒரு சிக்கல். வீடு ஐந்தாவது மாடி. ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை, படிக்கட்டோ குறுகல். எப்படித் திருப்புவது என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, கோபம் தீர்ந்து பெட்டி வாங்க வந்த கேபிள்காரர் படியேறி வந்து, கூட்டத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஐயோ, அக்கா. எனக்குத் தெரியாதே. யாரும் சொல்லலையே.”

அவள்தான் எழுந்து வந்தாள். “லிஃப்ட்டோட பின்சுவத்துல ஒரு கதவு இருக்கு தம்பி. இந்த லிஃப்டை அவர்தானே பாத்துக்கிட்டிருந்தார், சொல்லியிருக்கார். ஸ்ட்ரெச்சர் வெக்கறதுக்குன்னே விட்ட இடமாம். அவரோட சாவிக்கொத்துல ஒரு முக்கோணச் சாவி இருக்கும்.”

டி.வி.க்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய கொத்தை எடுத்து கேபிள்காரர் திறந்தார். பின்சுவர் அலமாரிக் கதவு மாதிரி விலகியது, உள்ளே இரண்டடி இடம் இருந்தது. அந்தக் கட்டடத்தில் இருபது வருஷமாகக் குடியிருப்பவர்களுக்கெல்லாம் அது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் நேராக, கால் மடங்காமல், தன் லிஃப்டிலேயே கீழே போனார்.

சாயங்காலம் எல்லாம் முடிந்து திரும்பியபோதும் கேபிள்காரர் கூடவே வந்தார். பெட்டியை எடுக்கக் கூச்சப்பட்டார். அவளே ஒயரைப் பிடுங்கிக் கையில் கொடுத்தாள். “எடுத்துக்கோ தம்பி. உன்மேல குறையில்லன்னுதான் கடைசிவரைக்கும் சொன்னார்.” கேபிள்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியோடு போனார்.

உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வீட்டில் அம்மாவும் மகளும் மிஞ்சினார்கள். மகள் டி.வி.யை அணைக்கப் போனாள். ரிமோட்டைத் தொட்டதும் திரை விழித்துக்கொண்டது. காலையில் நிறுத்திய இடத்தில் பெரியவள் டிராயர்முன் வாயைத் திறந்தபடி நின்றாள்.

“இன்னும் எத்தனை இருந்துது?” என்றாள் அம்மா. “இங்க குடு.”

“வேணாம்மா. அப்புறம் பாக்கலாம்.”

“குடுன்னா குடேன்.”

அவள் அதுவரை அந்த ரிமோட்டைத் தொட்டதில்லை. பட்டியலைக் கொண்டுவந்து, கீழே போகும் பொத்தானை விடாமல் அழுத்திவிட்டாள். எபிசோடுகள் கடகடவென்று ஓடி, ஒரேயடியாக அடியில் போய் நின்றன. பார்த்த எபிசோடின் கீழே ஒரு சிவப்புக் கோடு விழும், அது அவளுக்குத் தெரியும். நானூற்று முப்பத்து நான்குக்குக் கோடில்லை. முப்பத்தைந்துக்கு இல்லை. முப்பத்தொன்பது வரைக்கும் எதற்குமே இல்லை. நானூற்று நாற்பதுக்கு, கடைசி எபிசோடுக்கு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சிவப்பாக இழுத்திருந்தது.

“இதை யார் பாத்தது?”

மகள் ரிமோட்டை வாங்கக் கை நீட்டினாள்.

“உன்னைத்தாண்டி.”

“அப்பா,” என்றாள் மகள். “நர்ஸ் வந்துட்டுப் போனாங்களே, நீ தூங்கிட்டியே, அன்னிக்கு. வலி ரொம்ப இருந்துதும்மா. இன்னிக்கே போயிடுவேனோன்னு பயமா இருக்கு, கடைசியை மட்டும் காட்டுன்னார், அம்மா கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். கோடு விழும்னு அவருக்குத் தெரியாது. கேபிள் மாதிரி ஓடினது ஓடினதுதான்னு நினைச்சுட்டார்.”

அவள் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மத்தியானம். அந்தச் சாயங்காலம். நீ நடுவுள்ளவளை எடுத்துக்கோ. மூன்று வாரமாக அந்தப் பெரியவள் நடந்தால் குற்றம், தும்மினால் குற்றம்.

“அடப்பாவி மனுஷா,” என்றாள். வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அம்மா அழுகிறாள் என்று மகள் பக்கத்தில் ஓடி வந்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து அதுபாட்டுக்கு நீர் வழிந்துகொண்டிருந்தது. “அப்போ நடுவுள்ளவளா? ஜெயிக்கற குதிரையை என் கையில குடுத்துட்டு, தோக்கற குதிரை மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு, மூணு வாரம் என்கிட்ட சண்டை வேற. கோர்ட்டுல எத்தனை பொய்ச்சாட்சி பாத்திருக்கேன், இப்படி ஒரு ஆளைப் பாத்ததில்லடி.”

“அம்மா, நான் ஒண்ணும் சொல்லலையே—”

“நீ சொல்லாதே. நீ சத்தியம் பண்ணியிருக்க.”

படுத்ததும் தூங்கிப்போனாள். விடிகாலை ஐந்தரைக்கு வழக்கம்போல முழிப்பு வந்தது. வழக்கம்போலக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைவு வந்தது. எழுந்து ஒரு காலைத் தரையில் வைத்தாள். பிறகு அந்தக் காலை மறுபடியும் மேலே எடுத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மகள் எட்டிப் பார்த்தாள். “எழுந்துட்டியாம்மா? ஏதாவது வேணுமா?”

“டீ போடு,” என்றாள். “இனிமே எனக்கு முறையில்ல.”

மகள் சமையலறைக்குப் போனாள். அடுப்பு பற்றியது. டீத்தூள் டப்பாவைத் தேடுகிறாள் போலிருக்கிறது, ஒவ்வொரு மூடியாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. மேல்தட்டில், இடது ஓரம், பழைய பிஸ்கட் டின்னில் இருந்தது அது. அவள் சொல்லவில்லை. கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.