மழைக்காய்

என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லிச் சொல்லியே எங்கள் வீட்டில் ஏமாற்றினார்கள். நானும் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு பல்லைக் காட்டினேன்.

சுருளிப்பட்டியில் எங்களுக்கு ஒரு ஏக்கர் பன்னீர்த் திராட்சை. கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்த பந்தல். வெளியூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கு இன்ன மாதம் என்று கிடையாது. என்றைக்குக் கொடியைக் கவாத்து வெட்டுகிறோமோ, அன்றிலிருந்து நாலு மாதத்தில் பழம் வரும். அதனால் கல்யாணமோ காதுகுத்தோ வட்டி கட்டுகிற கெடுவோ, தேதியை முதலில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து எண்ணிக் கவாத்து வெட்டுவார்கள். வருடத்துக்கு மூன்று வெள்ளாமை பார்க்கலாம். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. சித்திரை வைகாசியில் வருவது வெயில் காய். தேனாக இனிக்கும், வியாபாரி வீடு தேடி வருவார். ஆவணிக் காய் சுமார். கார்த்திகை மார்கழியில் வருவதுதான் மழைக்காய். பூவில் மழை பிடித்தால் செவட்டை நோய் விழுந்து கொத்துக் கொத்தாகக் கருகும். பழுக்கும்போது பிடித்தால் பழம் வெடித்துப் போகும். அதை நம்பி எங்கள் ஊரில் யாரும் பெண்ணுக்குக் கல்யாணத் தேதி வைக்க மாட்டார்கள்.

2005-ஆம் வருடம் அண்ணன் தங்கப்பாண்டியனுக்குச் சென்னையில் எம்.பி.ஏ. இடமும் எனக்குக் கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் இடமும் ஒரே மாதத்தில் கிடைத்தன. அவனுக்குப் பணத்தில் கிடைத்தது, எனக்கு மார்க்கில் கிடைத்தது. என்னுடையதும் தனியார் கல்லூரிதான். செமஸ்டருக்குப் பன்னிரண்டாயிரம் பீஸ், மாதம் ஆயிரத்து நூறு மெஸ் பில். அவனுடையதில் கால்வாசி கூட வராது. அப்பா எங்கள் இருவரையும் பந்தலுக்கடியில் உட்கார வைத்து வெள்ளாமையைப் பங்கு வைத்தார்.

"வெயில் காய் தங்கத்துக்கு. ஆவணிக் காய் வீட்டுச் செலவுக்கும் மருந்துக் கடைப் பாக்கிக்கும். மழைக்காய் ஒனக்கு ஆத்தா."

"எனக்கு ஜூலையிலயும் பீஸ் கட்டணுமேப்பா?"

"மொதத் தடவைக்கு ஒங்கம்மா சீட்டுப் பணம் இருக்கு. மத்ததுக்கெல்லாம் காலேஜுல பேசிக்க. நீ கெட்டிக்காரி, பேசிருவ."

பேங்க் லோன் கேட்கலாமே என்றேன். லோன் ஏற்கெனவே அண்ணன் பேரில் வாங்கியாகிவிட்டது. அடமானம் வைக்க இருந்தது ஒரே ஒரு தோட்டத்துப் பத்திரம், அது பேங்கில் தூங்குகிறது. அண்ணன் பந்தலில் தொங்கிய ஒரு கொடியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியம் அவனுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

அந்த வருடம் ஐப்பசியில் பிடித்த மழை விடவே இல்லை. மழைக்காயில் என் கைக்கு வந்தது பதினேழாயிரம். பீஸைக் கட்டியதும் மிச்சம் ஐயாயிரம். அதில் மே மாதம் வரைக்கும் சாப்பிட வேண்டும், பரிசோதனைக் கூடத்துக்கு வெள்ளைக் கோட்டு வாங்க வேண்டும், ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும், ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், ஊருக்கு வந்து போக வேண்டும்.

செய்தேன். காலை டிபனை நிறுத்தினேன். எங்கள் ஹாஸ்டலில் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் வெளியே போனால் மெஸ் பில்லில் அந்த நாட்களைக் கழிப்பார்கள். ஊருக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, என்னோடு படித்த கயல் காந்திபுரத்தில் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் போய்ப் படுத்துக்கொள்வேன். அவள் சோறு வடித்தால் நான் அம்மா கொடுத்துவிட்ட பருப்புப் பொடியை எடுத்து வைப்பேன். சாயங்காலம் மூன்று பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். வெள்ளைக் கோட்டைச் சீனியர் ஒருத்தியிடம் பாதி விலைக்கு வாங்கினேன். அதில் முன்பக்கம் ஏதோ சாயம் கொட்டிய கறை, எத்தனை துவைத்தும் போகவில்லை. பசிக்கும். பொய் சொல்லவில்லை, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் தலை சுற்றுகிற அளவுக்குப் பசிக்கும்.

மே மாதம் ஊருக்கு வந்தபோது என்னிடம் முந்நூற்று நாற்பது ரூபாய் மிச்சம் இருந்தது. அதை அப்பாவிடம் நீட்டினேன். உலகத்தில் எந்த மாணவியும் செய்யாத முட்டாள்தனம் அது. அந்தப் பணத்துக்கு வயிறாரப் பரோட்டா தின்றிருக்கலாம். எங்கள் வீட்டுப் பிள்ளை மிச்சம் கொண்டுவந்தால்தான் மதிப்பு என்று எனக்குள் யாரோ ஊட்டி வைத்திருந்தார்கள்.

அப்பா பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று சாயங்காலமே டீக்கடையில் ஊரைக் கூட்டிவிட்டார்.

"எம்மக பூமாரி பதினேழாயிரத்துல படிச்சு மிச்சமும் கொண்டாந்துருக்காய்யா. இந்தா பாரு, முந்நூத்தி நாப்பது!"

அதே வாரத்தில் வெயில் காய் விற்றது. தொண்ணூறாயிரத்துக்கு மேலே வந்தது, அத்தனையும் சென்னைக்குப் போனது. அண்ணன் போனில் கோட்டு சூட்டு தைக்க வேண்டும் என்று தனியாகக் கேட்டான். எம்.பி.ஏ. படிக்கிறவர்கள் வாரத்துக்கு ஒரு நாள் கோட்டுப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போக வேண்டுமாம். அதற்கும் அனுப்பினார்கள். அவனிடம் மிச்சம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் வருடம் ஜூலை பீஸை ஆவணிக் காயில் கொஞ்சம் கெஞ்சி வாங்கி, டியூஷன் பணத்தையும் போட்டு, அபராதத்தோடு கட்டினேன். இனி பாக்கி இருந்தது கடைசி செமஸ்டர் மட்டும்தான். பன்னிரண்டாயிரம் பீஸ், புராஜெக்ட்டுக்கு ரசாயனம் வாங்கப் பத்தாயிரம். அதைக் கட்டிவிட்டால் பட்டம். எங்கள் துறைத் தலைவர் அம்மா எனக்கு வேலைக்கே சொல்லி வைத்திருந்தார்.

அந்த வருடம் என் அதிர்ஷ்டம், எங்கள் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது. நெல்லுக்காரர்கள் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்க, நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்து பெய்யாதே பெய்யாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். டிசம்பரில் பரீட்சை முடித்து ஊருக்கு வந்து பார்த்தால், பந்தல் முழுக்கக் கறுகறுவென்று கொத்துகள். செவட்டை இல்லை, வெடிப்பு இல்லை. சபரிமலைக்குப் போகிற வண்டிகள் ரோடு நெடுக நின்று திராட்சை வாங்குகிற மாதம் வேறு. எங்கள் வியாபாரி ஞானசிகாமணி பேரம் பேசக்கூட இல்லை, கிலோ பதினெட்டு ரூபாய் என்று அவரே சொன்னார். ஆட்களோடு சேர்ந்து நானும் கொத்து வெட்டினேன். கத்தரி பிடித்துப் பிடித்து விரல் கொப்பளித்தது. ஒவ்வொரு பெட்டி வண்டியில் ஏறும்போதும் இது பீஸ், இது ரசாயனம், இது மெஸ் என்று மனதுக்குள் பிரித்துப் போட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்தத் தோட்டத்தில் அதற்கு முன்னால் நின்றதில்லை.

எழுபத்திரண்டாயிரம் வந்தது. பீஸ் கட்டக் கடைசி நாள் திங்கட்கிழமை. சனிக்கிழமை காலையில் அண்ணன் சென்னை பஸ்ஸில் வந்து இறங்கினான்.

அவன் கல்லூரியில் தொழிற்சாலைகளைப் பார்க்கக் கூட்டிப் போகிறார்களாம். எங்கே? சிங்கப்பூர், மலேசியா. ஐந்து நாள். அறுபதாயிரம்.

"எல்லாரும் போறாகப்பா. நான் மட்டும் போகாட்டி அசிங்கம்."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்தார் என்றா சொன்னேன்? மீசையைத் தடவினார். பிறகு ஞானசிகாமணி கொடுத்த கட்டிலிருந்து அறுபதை எண்ணி அவன் கையில் வைத்தார். மீதி மருந்துக் கடைக்கு என்று எடுத்து மடியில் செருகினார். என் கையில் ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளைத் திணித்தார்.

"மழைக்காய் எனக்குன்னு சொன்னீகளேப்பா."

"சொன்னேன். நல்லா வெளையும்னு தெரிஞ்சா சொன்னேன்?"

அவர் சண்டைக்குச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

"போன வருசம் அந்த மழையிலயே சமாளிச்சவ நீ. இந்த வருசம் சமாளிக்க மாட்டயா? அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்ல ஆத்தா. நீ கெட்டிக்காரி."

அடுப்படிக்குப் போனேன். அம்மா எனக்குக் கொடுத்துவிடப் பருப்புப் பொடி இடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயாச்சும் கேளும்மா."

"என்னத்தக் கேக்க? அவன் ஆம்பளப் பிள்ளடி. நாளைக்கு எங்களுக்குக் கஞ்சி ஊத்துறவன்." சொல்லிவிட்டு இன்னும் வேகமாக இடித்தாள்.

ஐந்நூறு ரூபாயில் பன்னிரண்டாயிரம் கட்டுகிற வித்தை எந்தக் கெட்டிக்காரிக்கும் தெரியாது. கல்லூரியில் இரண்டு வாரம் தவணை கொடுத்தார்கள், பிறகு பெயரை அடித்துவிட்டார்கள். இரண்டு வருடத்துக்குள் வந்து பணம் கட்டினால் விட்ட செமஸ்டரைத் தொடரலாம் என்று துறைத் தலைவர் அம்மா சொல்லி அனுப்பினார். தகரப் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தேன். யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து எனக்கு ஒரு சாவிக்கொத்து வாங்கி வந்தான், சிங்கத் தலை போட்டது. அதில் என் தகரப் பெட்டிச் சாவியை மாட்டி வைத்தேன்.

கம்பத்தில் நாகராஜ் அண்ணாச்சியின் பூச்சி மருந்துக் கடையில் கணக்கெழுத உட்கார்ந்தேன். மாதம் இரண்டாயிரத்து இருநூறு. விவசாயிகள் நோய் பிடித்த இலையைப் பறித்துக்கொண்டு வருவார்கள். பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பேன். கல்லூரியில் லத்தீன் பேரோடு படித்த பூஞ்சையை இங்கே செவட்டை என்று கூப்பிட்டு வயிறு வளர்த்தேன். சம்பளத்தில் ஆயிரம் வீட்டுக்கு. மீதியும் ஊரில் எடுத்த டியூஷன் பணமும் பெட்டிக்கு. அந்தச் சாவிக்கொத்துக்கு நல்ல வேலை கொடுத்தேன்.

அண்ணன் எம்.பி.ஏ. முடித்தான், ஆறு அரியரோடு. கோட்டு சூட்டு எங்கள் வீட்டுக் கொடியில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கியது.

அடுத்த கார்த்திகையில் மழை வட்டியும் முதலுமாகப் பெய்தது. ஒரு நாள் மத்தியானம் அப்பா குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். நாகராஜ் அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். அப்பா கையில் ஒரு திராட்சை இலை. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் வேறொன்றை ஆரம்பித்தார்.

"தங்கத்துக்குத் தேனியில ஒரு பைனான்சுல வேலை இருக்காம் ஆத்தா. இருவதாயிரம் டெபாசிட் கேக்குறாக. ஒங்கிட்ட எப்பிடியும் மிச்சம் இருக்குமே?"

"இல்லப்பா."

"இல்லையா? பத்து மாசச் சம்பளம் என்னாச்சு?"

"செலவழிச்சுட்டேன்."

"எதுக்கு?"

"எனக்குத்தான். போன வாரம் கோயம்புத்தூர் போயி கடைசி செமஸ்டருக்குக் கட்டிட்டு வந்தேன். ஒண்ணாம் தேதி கெளம்புறேன்."

அப்பாவின் முகம் சிவந்தது.

"வீட்டுல ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா? கூடப் பொறந்தவன் வேலையில்லாம நிக்கிறான், நீ பாட்டுக்கு வாரி எறைச்சுட்டு வந்துருக்க. இம்புட்டு ஊதாரின்னு நான் நெனைக்கல பூமாரி."

ஆத்தா போய்ப் பூமாரி வந்துவிட்டது. கெட்டிக்காரி போய் ஊதாரி வந்துவிட்டது. கண்ணில் நீர் முட்டியது எனக்கு. அது துக்கமில்லை என்று சத்தியம் செய்வேன். அண்ணனை அவர் ஒரு நாளும் சொல்லாத சொல் அது. அழுதுகொண்டே சிரித்தேன்.

அப்பாவுக்கு அதற்கு மேல் திட்ட நேரமில்லை. கையிலிருந்த இலையை மேசைமேல் வைத்தார்.

"சரி, அத விடு. செவட்டை விழுந்துருச்சு. நாளைக்கே மருந்தடிக்கணும். நல்லதா ரெண்டு டப்பா எடு. ஒஞ் சம்பளத்துல எழுதிக்க, காய் வெட்டுனதும் தாரேன்."

இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் உப்புத் தூவினாற்போல வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அலமாரியிலிருந்து இரண்டு டப்பாவை எடுத்து, என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

"காசு குடுத்துட்டு எடுத்துக்கங்கப்பா. மழைக்காய நம்பி நான் எழுத மாட்டேன்."