ஒரு மூக்கும் நாற்பது லட்சம் வயிறும்

எடெல்மிராவின் மூக்கைப் பற்றி டோங்கோய் விரிகுடா முழுக்கத் தெரியும். மீனவர் கூட்டுறவின் சிப்பிக் குஞ்சுப் பொரிப்பகத்தில் பதினெட்டு வருஷமாகக் குஞ்சுகளுக்குத் தீனியாகப் பாசி வளர்க்கிறாள். ஆளுயர பிளாஸ்டிக் பைகளில் கடல்நீரை நிரப்பி, கிருமி சாக குளோரின் ஊற்றி, மறுநாள் அதை முறிக்க மருந்து போட்டு, அப்புறம்தான் பாசி விதையை விடவேண்டும். குளோரின் முறிந்ததா என்று பார்க்கச் சொட்டு மருந்து உண்டு. தண்ணீர் மஞ்சளானால் இன்னும் முறியவில்லை. எடெல்மிரா அந்தப் புட்டியைத் தொட்டதே இல்லை. பையின் வாயில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுப்பாள். "ம், விடலாம்" என்பாள். அவ்வளவுதான் பரிசோதனை.

திங்கட்கிழமை அந்த மகராசிக்கு ஜலதோஷம். அடைத்த மூக்குக்கு எல்லாத் தண்ணீரும் சுத்தம்தானே! முறிமருந்து போட மறந்துபோனதை அது சொல்லவில்லை. கையிருப்பு விதை மொத்தத்தையும் ஆறு பைகளிலும் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

செவ்வாய் காலை, நல்ல டிகாஷன் போலப் பொன்பழுப்பாக இருக்கவேண்டிய பைகள் பாத்திரம் கழுவிய தண்ணீராக வெளுத்துக் கிடந்தன. மூல விதையென்று சோதனைக் குழாயில் தனியே ஒதுக்கி வைத்திருந்தது ஒரே ஒரு மடக்கு. அது பெருக மூன்று வாரமாகும்.

குஞ்சுத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் நிவால்டோ வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, என் புள்ளைங்களுக்கு இன்னிக்குச் சாப்பாடு உண்டா, விரதமா?"

பைகளைப் பார்த்ததும் அவன் சிரிப்பு அடங்கிவிட்டது. பிறந்து ஒன்பதே நாளான நாற்பது லட்சம் குஞ்சுகள். வருஷம் முழுக்க விரிகுடாவில் வளர்க்க அவை மட்டும்தான்.

"நேத்தே அரை வயிறுதான்க்கா. நாளைக்குள்ள தீனி கிடைக்கலன்னா எல்லாம் அடியில படுத்துரும்."

"நாந்தான்டா கொன்னுட்டேன்."

"உபெர்லிண்டாகிட்ட கேளுங்க."

"அவகிட்டயா? அதுக்குக் கடல்ல குதிச்சிடலாம்."

"குதிங்க. கேனையும் எடுத்துக்கிட்டுக் குதிங்க."

உபெர்லிண்டா எதிர்க்கரைப் பொரிப்பகத்தின் பாசிக்காரி. ஐந்து வருஷத்துக்கு முன் சான் பெத்ரோ திருவிழாவில், ஊரே கூடியிருக்க, "மூக்கு இல்லாதவளுக்குத்தான் சொட்டு மருந்து" என்று எடெல்மிரா அவளைப் பார்த்துச் சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது.

நிவால்டோவின் வண்டியில் எட்டுக் காலிக் கேன்களோடு எடெல்மிரா போய் இறங்கினாள். வெள்ளை ரப்பர் பூட்ஸும் இடுப்பில் கையுமாக உபெர்லிண்டா வாசலை மறித்து நின்றாள்.

"என்ன இந்தப் பக்கம்?"

"பாசி வேணும்."

"எந்தப் பாசி?"

"ஐசோகிரைசிஸ்."

பேருக்குள்ளேயே பொன் இருக்கிறது என்று படித்தவர்கள் சொல்லும் பாசி அது. தினமும் "ஈசா, ஈசா" என்று கொஞ்சுகிற வாய், கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல அதன் முழுப் பெயரைச் சொல்லிற்று.

"உன்னுது என்னாச்சு?"

"செத்துப்போச்சு."

"எப்படி?"

கரண்ட் போச்சு, பம்பு நின்னுபோச்சு என்று வரிசையாகப் பொய்கள் நாக்கு நுனிக்கு வந்தன. தொட்டியில் சுற்றிக்கொண்டிருக்கும் குஞ்சுகளை நினைத்தாள். பொய்களை விழுங்கிவிட்டாள்.

"குளோரின முறிக்க மறந்துட்டேன். சளி. மோந்துதான் பாத்தேன்."

"சொட்டு?"

"போடல."

"காது கேக்கல."

"போடலடி! சொட்டு போடல! போதுமா?"

உபெர்லிண்டா கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "போதும்டி. அஞ்சு வருஷத்துக்கு இது போதும். கேனக் கொண்டா." பாசிக்காரி எவளும் கேட்டவளுக்கு இல்லையென்று சொல்லமாட்டாள், கொஞ்சம் அலையவிடுவாள், அவ்வளவுதான். எட்டுக் கேனும் நிறைந்தது. விதைக்கென்று தனியாக ஒரு குடுவையும் தந்தாள். பிறகு யாரும் கூப்பிடாமலே வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பி வந்து தொட்டிகளில் தீனி ஊற்றி மூன்று மணிநேரம் காத்திருந்தார்கள். ரொட்டியும் தேநீரும் வந்தன, எடெல்மிரா தொட்டிகளையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிவால்டோ ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தான்.

கண்ணாடிபோன்ற ஓட்டுக்குள் குஞ்சுகள் சுழன்று சுழன்று நீந்தின. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு பொன்பழுப்புப் பொட்டு.

"சாப்பிட்டிருக்குடா," என்றாள் எடெல்மிரா. மூக்கை உறிஞ்சினாள், இந்த முறை அது ஜலதோஷம் இல்லை.

"தள்ளுடி. என் பாசிய எப்படித் திங்குதுன்னு நானும் பாக்கணும்," என்று உபெர்லிண்டா தோளை இடித்தாள்.

"இரு, இரு. இன்னும் சாப்பிட்டு முடிக்கல."