கதவின் மேல் விளிம்பு

சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் கட்டுகிற 'பச்சைக் கட்டடங்களுக்கு' மார்க் போடுவது அவள் வேலை. தண்ணீர், வெளிச்சம், காற்று என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் உண்டு, மரத்துக்கும் உண்டு. ஆனால் கண்ணுகளா, மரம் நல்ல மரமாக இருந்தால் மட்டும் ஆகாது. வெட்டின இடத்தில் மறுபடி நட்டு வளர்க்கிற காடு, அறுக்கிற ஆலை, இழைக்கிற பட்டறை, இந்த மூன்று பேர் கையிலும் சான்றிதழ் உயிரோடு இருக்கவேண்டும். நடுவில் ஒருத்தர் கோட்டைவிட்டாலும் மரத்துக்கு மார்க் சுழிதான்.

அன்று பார்க்கப்போன கட்டடத்தின் நாற்பது கதவும் அவள் மூத்தார் பட்டறையில் செய்தவை. "புருஷனோட அண்ணன்" என்று ஆபீசில் முன்னாடியே சொல்லிவிட்டாள். "பேச்சுவார்த்தையே கிடையாதே! அப்ப நல்லாவே பார்ப்பீங்க, போங்க" என்று சிரித்து அனுப்பிவைத்தார்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அதே பட்டறையில் அவள் புருஷனும் பங்காளி. அவர் இறக்கிய ஒரு லோடு பலகையின் சீட்டில் சான்று எண் விட்டுப்போயிற்று. "மரம் யோக்கியமா இருந்தா போதாதுடா, காகிதம் யோக்கியமா இருக்கணும்" என்று ஆட்கள் முன்னால் சொல்லி, தம்பியைத் திருடனைப்போல வெளியே தள்ளினார் அண்ணன். இன்று தம்பி யாரோ ஒருவர் பட்டறையில் மரத்தூள் அள்ளுகிறார். அந்த வார்த்தையை அவள் அடைகாத்து வைத்திருந்தாள்.

மூத்தார் கோப்போடு வந்தார். "வாம்மா. எல்லாம் பக்கா. இந்த மார்க் விழுந்தா தங்கத் தரம். அடுத்த மூணு கட்டடத்துக் கதவும் நமக்குத்தான்."

"நமக்கா மாமா?"

தாள்களைப் புரட்டினாள். பட்டறையின் சான்றிதழ் மார்ச்சோடு காலாவதி. புதுப்பித்தது ஏப்ரல் பதினெட்டு. கதவுகள் செய்தது மே மாதம் என்றது தாள்.

"ஒரு ஸ்டூல் போடச் சொல்லுங்க."

ஏறினாள். கதவின் மேல் விளிம்பை முந்தானையால் துடைத்தாள். கதவை முடித்த தேதியை, யார் கண்ணும் படாத அந்த இடத்தில் பென்சிலால் எழுதுவது அந்தப் பட்டறைப் பழக்கம். ஆரம்பித்துவைத்தவர் அவள் புருஷன்.

ஏப்ரல் ஏழு.

ஸ்டூலை இழுத்து இழுத்து நாற்பது கதவுக்கும் ஏறி இறங்கினாள். எல்லாமே ஏப்ரல் பதினைந்துக்குள், பட்டறையின் சான்றிதழ் உயிரோடு இல்லாத நாட்களில் செய்தவை. மூத்தாருக்கு வேர்த்துவிட்டது.

"நல்ல மரம்மா அது. உனக்கே தெரியும். காகிதமும் சரியாத்தானே இருக்கு?"

"காகிதம் யோக்கியமா இருந்தா போதாது மாமா. கதவும் ஒத்துக்கணும்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நிதானமாக, பெரிதாகச் சுழி போட்டாள். அந்தச் சுழி அவளுக்குத் தேனாய் இனித்தது.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் புருஷனிடம் சொன்னாள். அவர் தலைமுடியில் இன்னும் மரத்தூள். கேட்டுக்கொண்டே இருந்தவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அண்ணன் இன்னும் தேதி எழுதுதா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனையும் சேர்த்துப் பழிவாங்கினால்தான் மனசு ஆறும்போல!