உத்திராபதி அடிக்காத அடி

அல்லியின் முழங்கையில் நாவற்பழ நிறத்தில் ஒரு திட்டு. போன வாரம் தோளில் இருந்தது. அதற்கு முந்தின வாரம் தொடையில். சேலையைத் தூக்கிச் செருகி வயலில் இறங்கினபோது வரிச்சிக்குடி நடவுப் பெண்கள் பத்துப் பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள். பார்த்த கையோடு தீர்ப்பும் ஆகிவிட்டது: உத்திராபதி பெண்டாட்டியை அடிக்கிறான்.

உத்திராபதி கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவான். அல்லி பக்கத்தில் நின்றால் அவள் தோளுக்குத்தான் வருவான். இருந்தாலும் அன்றிலிருந்து அவன் நாற்றுமுடியைச் சுமந்துகொண்டு வயலில் இறங்கினால், எங்கிருந்தோ ஒரு கை சேறு வந்து முதுகில் அப்பும். டீத் தூக்கு எல்லாருக்கும் சுற்றி வரும். அவனிடம் வரும்போது மட்டும் காலியாகிவிடும்.

“சத்தியமா நான் அடிக்கலக்கா,” என்றான், நடவுக்கு ஆள் சேர்க்கும் வடிவாம்பாளிடம்.

“அடிச்சவன் எவன்டா ஒத்துக்கிட்டான்?”

“நெசமாத்தாங்க்கா. எனக்கு லேசா இடிச்சாலே கன்னிப் போவுது,” என்றாள் அல்லி.

“அடிபட்டவளும் இதைத்தான்டி சொல்லுவா.”

உத்திராபதி அடுத்த நாற்றுமுடியைத் தூக்கப் போனான்.

ஐப்பசியில் அல்லி காரைக்கால் போய்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். மறுநாளும் ரத்தம் நிற்கவில்லை. உத்திராபதி பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா அவள் கையைப் பார்த்தார். அவனை ஒரு மாதிரி பார்த்தார். “நீங்க கொஞ்சம் வெளியில இருங்க.”

‘இங்கயுமா!’ என்று பெஞ்சில் உட்கார்ந்தான்.

மருந்து கொடுத்து ரத்தத்தை நிறுத்தினார்கள். பரிசோதனைக்கும் கொஞ்சம் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா அவனையும் உள்ளே கூப்பிட்டார்.

“ரத்தம் உறையறதுக்கு ஒரு புரதம் வேணும். இவங்களுக்கு அது பொறவியிலயே கம்மி. அடிபடாம பாத்துக்குங்க. எங்களைக் கேக்காம வலி மாத்திரை போடக் கூடாது.”

“அப்ப நான் அடிக்கலன்னு அதுல எழுதியிருக்குங்களா?”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுக்கெல்லாம் டெஸ்ட் கெடையாதுங்க.” ஆனாலும் ஒரு சீட்டில் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார்: ‘லேசாகப் பட்டாலே இவருக்குக் கன்றும்.’

அதை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்துப் பழகினான். நாளைக்கு வயலில் பத்துப் பேர் முன்னால் படிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் பாசியில் அல்லி வழுக்கினாள். ‘அடிபடாம’ என்ற ஒரு சொல்தான் அவன் காதில் அடித்தது. பாய்ந்து அவளுக்கு அடியில் படுத்துவிட்டான். அல்லி பத்திரமாக அவன் மேல் விழுந்தாள். அவளுக்கு ஒரு கீறல் இல்லை. அவன் முகம் கல்லில் மோதி, விடிவதற்குள் இடது கண் கறுத்து வீங்கிவிட்டது.

காலையில் சீட்டோடு வயலுக்குப் போனான். சேறு வரவில்லை. பத்துப் பேரும் அவன் கண்ணைப் பார்த்தார்கள். பிறகு அல்லியின் உயரத்தைப் பார்த்தார்கள்.

“யாருடா அடிச்சது?” என்றாள் வடிவாம்பாள்.

“யாரும் அடிக்கலக்கா. விழுந்துட்டேன்.”

“அடிபட்டவன் இதைத்தான் சொல்லுவான். ஏன்டி அல்லி, நீயா?”

அல்லி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தாள். உத்திராபதி நல்ல கண்ணைச் சிமிட்டினான்.

“ஒரே ஒரு அடிதாங்க்கா,” என்றாள்.

வயலே சிரித்தது. “பாவம்டி, அந்த மனுசனுக்கு முதல்ல ஊத்துங்க!”

டீத் தூக்கு ததும்பத் ததும்ப அவனிடம் வந்தது. சீட்டை மடித்து இடுப்பில் செருகினான். டீ ஆறுவதற்குள் குடிக்க வேண்டும்; சீட்டை மத்தியானம் படித்துக்கொள்ளலாம்.