சமையலறையில் ஆல்கஹால்

கரிம வேதியியலும் அவளும் எலியும் பூனையுமாக இருந்தார்கள். நுழைவுத்தேர்வில் இரண்டு முறை அவளைக் கவிழ்த்ததும் அதுதான். மருத்துவமனையில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை பார்த்துக்கொண்டே மருந்தியல் படிக்க ஆசைப்படுகிறவள். வயது வரம்பின்படி இதுவே கடைசி முறை. விட்டால் விட்டதுதான்.

அதனால் வீட்டையே பாடமாக்கினாள். சமையலறைச் சுவரில் ஆல்கஹால், கூடத்தில் ஆல்டிஹைடு, படுக்கையறையில் அமிலம் என்று தாள் ஒட்டினாள். ஒரு கதவைத் தாண்டினால் ஓர் ஆக்சிஜனேற்றம். நடந்து நடந்தே உருப்போட்டாள். அப்பா எங்கே என்று கேட்டால், அமிலத்தில் தூங்குகிறார் என்று சொல்லும் அளவுக்கு அம்மாவும் தேறிவிட்டாள்.

அப்பா பெயின்டர். ஊரார் சுவரெல்லாம் பளபளக்கும். சொந்தச் சுவர் சொறி பிடித்துக் கிடக்கும். மகள் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு யாரும் கேட்காமலே ஆசையாக வீட்டுக்கு வெள்ளையடித்தார். தாள்களைப் பத்திரமாகக் கழற்றினார், பத்திரமாக ஒட்டினார். ஆனால் ஆல்டிஹைடைச் சமையலறையிலும் ஆல்கஹாலைக் கூடத்திலும் ஒட்டிவிட்டார். சுவரில் இருப்பது வேதவாக்கு என்று அவளும் பத்து நாள் அப்படியே நடந்தாள்.

தேர்வில் பதினோராவது கேள்வி: ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றி முதல் படியிலேயே நிறுத்தினால் என்ன கிடைக்கும்? கண்ணை மூடிக் கூடத்திலிருந்து ஒரு கதவு தாண்டினாள். அமிலம். எழுதப்போன கை நின்றது. அப்படியானால் சமையலறை ஆல்டிஹைடிலிருந்து கூடத்து ஆல்கஹாலுக்கு வரும்போது ஹைட்ரஜன் கூடுகிறதே? ஆக்சிஜனேற்றத்தில் அது குறையத்தானே வேண்டும்? வீட்டை மறந்துவிட்டு, ஒவ்வோர் அணுவாக எண்ணினாள். ஆல்டிஹைடு என்று விடை வந்தது. அடுத்த கேள்விக்கும் வந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக வேதியியல் புரிந்தது. சந்தோஷம் தாங்காமல் சிரித்துவிட்டாள், கண்காணிப்பாளர் முறைத்தார்.

தேர்வுக்கூட வாசலில் அப்பா, வேலைச் சட்டையோடு, முகம் செத்து நின்றார். தாள்கள் இடம் மாறியிருப்பதை அவள் கிளம்பிய பிறகுதான் அம்மா கண்டுபிடித்தாளாம்.

"உன் வாழ்க்கையையே மாத்தி ஒட்டிட்டேன்மா."

"நல்லதாப் போச்சுப்பா. இன்னைக்குத்தான் நான் படிச்சேன்."

அவர் நம்பவில்லை. முடிவு வரும்வரை ஐந்து வாரம் சோறு சரியாக இறங்கவில்லை.

முடிவு வந்த அன்று அப்பா யாரோ ஒருவர் வீட்டில் பெயின்ட் அடிக்க ஏணியில் நின்றிருந்தார். அவள் போன் செய்தாள்.

"சீட் கெடச்சிருச்சுப்பா. கெமிஸ்ட்ரியிலதான் அதிக மார்க்."

விசும்பல் கேட்டது. கீழிருந்து வீட்டுக்காரர் பதறி விசாரிப்பதும், என் பொண்ணு பாஸாயிட்டா என்று அப்பா திக்குவதும் கேட்டன. பிறகு வீட்டுக்காரரின் குரல் பக்கத்தில் வந்தது.

"ஏணிய நான் புடிச்சுக்கிறேன். நீங்க நல்லா அழுதுட்டு மெதுவா எறங்குங்க."