மிளகாய்த் தொட்டியில் எறும்பு

அழைக்காமல் வருவதிலும், வந்தால் ஒரு கூட்டத்தையே இழுத்துக்கொண்டு வருவதிலும் எறும்பும் என் நாத்தனாரும் ஒன்று. நாத்தனாராவது இரண்டு நாளில் கிளம்பிவிட்டாள். எறும்பு கிளம்புவதாக இல்லை.

படுக்கையறை ஜன்னலோரம், என் வீட்டுக்காரரின் கைக்கெட்டும் தூரத்தில், பழைய பெயிண்ட் வாளியில் ஒரு மிளகாய்ச் செடி இருந்தது. பால்கனியில் கிடந்ததை உள்ளே கொண்டுவரச் சொன்னது அவர்தான். தொண்டையில் கட்டி வந்து, கதிர் பாய்ச்சும் கரண்ட் வைத்தியமெல்லாம் முடிந்து, எதிலும் பிடிப்பில்லாமல் படுத்திருந்த மனுஷன் வாய்விட்டு ஒன்றைக் கேட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூச்சு வாங்கத் தூக்கிவந்து வைத்தேன்.

உடம்பில் கொஞ்சம் எடை ஏறினால்தான் அடுத்த வைத்தியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து என் உலகம் ஒரு கிண்ணத்துக்குள் அடங்கிவிட்டது. குழைய வடித்த சோறு, மசித்த பருப்பு, முட்டை. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்குக் கூச்சம். "நீ போய் வேலையப் பாரு, நான் மெதுவா சாப்பிட்டுக்கிறேன்" என்பார். திரும்பி வந்தால் கிண்ணம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். அதை அடுப்படிக்கு எடுத்துப்போய்த் தனியாகச் சிரித்துக்கொள்வேன். ஒருமுறை ஸ்பூனில் மண் ஒட்டியிருந்தது.

"செடிக்கு மண்ணக் கிளறி விட்டேன்" என்றார்.

"சாப்பிடுற ஸ்பூன்லயா? நல்லா இருக்கு உங்க விவசாயம்" என்று வைதேன். மனசு மட்டும் குளிர்ந்துபோயிருந்தது.

எடை இறங்கிக்கொண்டே போனது. மருந்துதான் சரியில்லை என்று டாக்டரோடு சண்டை போட்டேன்.

எறும்புக்குப் பின்னால் செடியின் தண்டெல்லாம் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிக்கொண்டது. சோப்புத் தண்ணீர் தெளித்தேன். வேப்பெண்ணெய் தெளித்தேன். பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்தேன். மண்மேல் வேப்பம் புண்ணாக்கும் போட்டேன். அறையில் வீசிய நாற்றத்துக்கு அதன்மேலேயே பழியையும் போட்டேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். என் வீட்டில் தேய்ந்தது என் பொறுமை.

"இத மறுபடி பால்கனியிலயே வெச்சிடறேன்."

"வேண்டாம்" என்றார். அத்தனை வேகமாக அவர் பேசி வெகுநாளாகியிருந்தது. இந்தச் செடி பட்டுப்போனால் இவரும் போய்விடுவார் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு எனக்குள் புகுந்துகொண்டது. நர்சரிக்காரரை வீட்டுக்கே வரவழைத்தேன்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாளியை நாலாபக்கமும் திருப்பிப் பார்த்தார். "மாவுப்பூச்சி இனிப்பா ஒண்ணு சுரக்கும்க்கா. அதுக்காகத்தான் எறும்பு அதக் காவல் காக்குது. எறும்பப் போக்கிட்டா பூச்சியும் அடங்கிடும். ஆனா இவ்வளவு எறும்பு அதுக்கு மட்டும் வராது. உள்ள வேற என்னமோ இருக்கு."

"மண்ண மாத்திடலாமா தம்பி?"

"அதான் நல்லது."

என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன்.

நர்சரிக்காரர் செய்தித்தாளை விரித்து வாளியைக் கவிழ்த்துத் தட்டினார். மண்ணோடு புளித்த சோறு இறங்கியது. பருப்பு, முட்டையின் மஞ்சள் கரு, பூஞ்சை பிடித்துச் சாம்பல் நிறமாகிவிட்ட போன வாரத்துச் சாப்பாடு, அதற்கும் முந்தையது. அதற்குள் எறும்புகள் பிள்ளைகுட்டிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் சோற்றையே மண்ணில் மறைத்திருந்தார்.

நர்சரிக்காரர் என்னைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். வேரைக் கழுவிப் புது மண்ணில் செடியை நட்டுக் கொடுத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "சாப்பாடு எதுவும் தொட்டியில போட வேண்டாம்க்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

கட்டிலோரம் உட்கார்ந்தேன். கத்த வேண்டும்போல் இருந்தது.

"ஏங்க இப்படி?"

"எறங்கலம்மா. தண்ணியே வலிக்குது." சுவரைப் பார்த்தபடியே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "காலிக் கிண்ணத்த எடுத்துட்டுப் போய் நீ சிரிக்கிறது இங்க கேக்கும். எப்படிச் சொல்றது?"

"டாக்டர்கிட்ட சொல்லிக் குழாய் போடச் சொல்லலாங்க."

"வேண்டாம். போதும்."

அடுத்த வைத்தியம் என்று ஒன்று இனி இல்லை. அதை எனக்கு எந்த டாக்டரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் கை பழக்கத்தில் சோற்றைக் குழைத்துவிட்டது. கொண்டுபோய் ஒரு ஸ்பூன் ஊட்டினேன். எனக்காக வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது, போட்டதெல்லாம் வெளியே வந்தது. வாயைத் துடைத்துவிட்டேன்.

பிறகு அதே ஸ்பூனால் புது மண்ணில் குழி தோண்டி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சோற்றைப் போட்டு மூடினேன். காலிக் கிண்ணத்தோடு அடுப்படிக்குப் போனேன். அவர் காதில் விழட்டும் என்று சிரித்துப் பார்த்தேன். வரவில்லை.