தலை லேசாக இருந்த நாட்கள்

குன்றத்தூர் டாக்டரம்மா எதிரே உட்காரும்போதே சசிரேகா பக்கத்து நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அங்கே ராஜாமணி. இருங்காட்டுக்கோட்டையில் அடுத்த ரூம், கம்பெனியில் அதே லைன். துணைக்கு வா என்று யாரும் கூப்பிடவில்லை. சசிரேகா செருப்பு மாட்டுவதற்குள் அவள் தலைவாரிப் பவுடரும் போட்டு நின்றாள். ராஜாமணி காதில் விழுந்தது எதுவானாலும் ஷிப்ட் மாறுவதற்குள் கேன்டீனில் சாம்பாரோடு பரிமாறப்பட்டுவிடும். பெர்மனென்ட் லிஸ்ட் போடுகிற நேரம் வேறு. சசிரேகாவுக்கு ஓயாத ஒற்றைத் தலைவலி என்று சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் பெயர் எங்கே இருக்கப்போகிறது?

வலி வந்த நாட்களில் பெருக்கல்குறி போடச் சொல்லி டாக்டர் போன மாதம் ஒரு காலண்டர் தாள் கொடுத்திருந்தார். சசிரேகா போட்டது இரண்டே இரண்டு. இரண்டும் லீவு எடுத்த நாள். லைன் நின்றால்தானே பிரேக்டவுன்? முனகிக்கொண்டே ஓடுகிற மெஷினை யார் எழுதிவைக்கிறார்கள்? ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒயர் மாட்டிய நாட்களும், பாத்ரூமில் வாந்தியெடுத்துவிட்டுக் கையுறை மாற்றிக்கொண்டு வந்த நாட்களும் அவளைப் பொறுத்தவரை நல்ல நாட்கள்.

"ரெண்டு நாள்தான்னா தினசரி மாத்திரை வேணாம்மா," என்றார் டாக்டர்.

வலி வராமலே தடுக்கிற அந்த மாத்திரைக்காகத்தானே சசிரேகா இவ்வளவு தூரம் வந்தாள்.

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை நீட்டினார். "வேற மாதிரி கேக்கறேன். தலை முழுசா லேசா இருந்த நாளை மட்டும் டிக் பண்ணுங்க."

பேனா கட்டம் கட்டமாக அலைந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மெல்ல ஒரு டிக்.

"அன்னிக்கா?" ராஜாமணி எட்டிப் பார்த்தாள். "காலைலேர்ந்து குமட்டிக்கினு கெடந்தியேடி! நடுவுல ஒத்தக்கல்லு செவுரு, எனுக்குக் கேக்காதா? பதினாறு நாளு டாக்டரம்மா. நான் எண்ணிக்கினுதான் கீறேன்."

"பதினாறா?" டாக்டர் சீட்டில் தினசரி மாத்திரையை எழுதினார். "ஒரேயடியா இல்லாம பண்ணிடுவேன்னு சொல்லமாட்டேன். மூணு மாசத்துல இந்தப் பதினாறை மாசத்துக்கு எட்டு நாளா கொறைக்கணும். அதுதான் நம்ம டார்கெட். சரியா?"

டார்கெட் என்றால் ஏறும் என்றுதான் சசிரேகாவுக்குத் தெரியும். இறங்குகிற டார்கெட்டை இன்றுதான் பார்க்கிறாள். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அவள் ராஜாமணி பக்கம் திரும்பினாள்.

"யக்கா, லைன்ல யார்கிட்டனா சொன்னியா?"

"சரியாம்மா?" என்றார் டாக்டர் மறுபடியும்.

ராஜாமணி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்து உள்ளே துழாவ ஆரம்பித்தாள்.